தீவனத்தைச் சோதிப்பது யார் செலவில்?

(மீன் வளர்ப்போர், மீன்வளத் தொழிலாளர் மத்தியில் பணியாற்றும் தோழர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நன்னீர் மீன் வளர்ப்பில் ஈடுபட்டுள்ள ஒரு விவசாயியின் வரவு செலவுக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், நடைமுறைச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்திற்கே போய்விடுவது தெரியவரும். மீன்குஞ்சு, மின்சாரம், கூலி, மருந்து முதலியவை எல்லாம் மீதிக்குள் அடங்குபவை. ஆகவே தீவனத்தின் தரம் பற்றிய கேள்வி அவருடைய பிழைப்பைப் பற்றிய கேள்வியுமாகும்.

ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு குளத்தில் 4 டன் மீன் விளைகிறது என்றும், தீவனத்தின் விலை கிலோ 40 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ மீன் எடை கூடுவதற்கு ஒன்றரைக் கிலோ தீவனம் போதுமானால், தீவனச் செலவு 2,40,000 ரூபாய். அதே ஒரு கிலோவுக்கு இரண்டு கிலோ தீவனம் தேவைப்பட்டால், செலவு 3,20,000 ரூபாய். அரைக் கிலோ வேறுபாடு 80,000 ரூபாயை விழுங்கிவிடுகிறது. குத்தகைக்குக் குளம் எடுத்தவருக்கு இலாபத்திற்கும் நட்டத்திற்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டைத் தீவனப் பையின் மீது அச்சிடப்பட்டுள்ள புரத விழுக்காட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. ஏன்? ஆய்வகங்களில் புரதம் பொதுவாக நேரடியாக அளக்கப்படுவதில்லை. தீவனத்திலுள்ள நைட்ரஜன் அளக்கப்பட்டு, அது 6.25 என்னும் எண்ணால் பெருக்கப்படுகிறது. அந்த நைட்ரஜன் மீன் செரிக்கக்கூடிய புரதத்திலிருந்து வந்ததா, செரிக்க முடியாத பொருளிலிருந்து வந்ததா என்பதை இந்த எண் சொல்லாது. 2008ஆம் ஆண்டு சீனத்தில் பாலில் மெலமைன் கலக்கப்பட்ட கொடுமையின் பின்னணியில் இருந்ததும் இதே ஓட்டைதான். நைட்ரஜன் மிகுந்த அந்த வேதிப்பொருள் சோதனையில் புரதமாகத் தோன்றியது. குழந்தைகளின் சிறுநீரகத்தில் நஞ்சாக வேலை செய்தது. வேதியியல் பகுப்பாய்வு தேவையானதே. ஆனால் ஒரு தீவனம் நல்லதா என்பதை இறுதியில் அதைத் தின்று வளரும் உயிரே சொல்ல வேண்டும்.

அந்த உயிர் இன்று எங்கே இருக்கிறது? விவசாயியின் குளத்தில் இருக்கிறது. புதிய தீவனம் சந்தைக்கு வருகிறது. விற்பனையாளர் கடனாகவே தருகிறார். பல இடங்களில் விளைந்த மீனை இன்னாரிடமே விற்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது. பத்து மாதம் கழித்து அறுவடையின்போதுதான் தீவனத்தின் தகுதி தெரிகிறது. விவசாயியின் குளமே சோதனைக்கூடமாகவும், அவரது நட்டமே சோதனைக் கட்டணமாகவும் ஆகிவிடுகின்றன. இந்த நிலையை மாற்றுவதற்கு அறிவியலில் வழி உண்டா என்பதே இன்றைய உரையின் பொருள்.

காலமும் செலவும்

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று பெருங்கெண்டைகளும் நம் நாட்டு நன்னீர் வளர்ப்பின் முதுகெலும்பு. 2022-23இல் நாட்டின் மொத்த மீன் உற்பத்தி 175.45 லட்சம் டன். அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து வந்தது.

இந்தக் கெண்டைகள் சந்தை எடையை எட்டுவதற்குப் பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். ஒரு தீவனக் கலவையை வளர்ந்த ரோகுவில் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அரைக் கிலோ எடையுள்ள முப்பது மீன்கள், நாளொன்றுக்கு உடல் எடையில் 3 விழுக்காடு தீவனம் என்றால், அறுபது நாளுக்கு 27 கிலோ தேவை. ஒரு கலவையை ஒரே தொட்டியில் சோதித்தால் போதாது. குறைந்தது மூன்று தொட்டிகளில் சோதிக்க வேண்டும். பத்துக் கலவைகளை ஒப்பிட வேண்டுமானால் முப்பது பெரிய தொட்டிகள், 810 கிலோ தீவனம், அதற்கான நீர், காற்று, ஆட்கள். ஆய்வகத்தில் புதிதாக உருவாக்கப்படும் ஒரு மூலப்பொருள் தொடக்கத்தில் சில நூறு கிராம்தான் கிடைக்கும். அதை இவ்வாறு சோதிக்க வழியே இல்லை.

இங்கேதான் ஒரு சிறுமீன் உதவிக்கு வருகிறது.

கோசி ஆற்றிலிருந்து உலகத்துக்கு

உடலில் நீளவாக்கில் நீலக் கோடுகள் ஓடும், மூன்று நான்கு சென்டிமீட்டர் மட்டுமே வளரும் அந்த மீனுக்கு ஜீப்ரா மீன் என்று பெயர். அறிவியல் பெயர் டேனியோ ரெரியோ. இந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகிய நாடுகளின் ஓடைகளும் வயல்நீரும் அதன் பிறப்பிடம். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகப் பணிபுரிந்த பிரான்சிஸ் ஹாமில்டன், கங்கையிலும் அதன் கிளையாறுகளிலும் வாழும் மீன்களைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில் இதை முதன்முதலாக அறிவியல் முறையில் விவரித்தார். கோசி ஆற்றில் கிடைக்கும் மீன் என்று குறித்தார். ரோகு, கட்லா, மிர்கால் ஆகியவையும் அதே நூலில்தான் அறிவியல் பெயர் பெற்றன. உள்ளூர் மீனவர்கள் காலங்காலமாக அறிந்திருந்த மீன்கள் கம்பெனியின் கணக்கெடுப்பில் ஏறிய வரலாறு இது.

பின்னர் இந்தச் சிறுமீன் அழகுமீனாகக் கடல் கடந்தது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்ற அறிவியலாளர் இதை மரபியல் ஆய்வுக்கு ஏற்ற உயிராக வளர்த்தெடுத்து, 1981இல் தமது முடிவுகளை வெளியிட்டார். 2013இல் இதன் மரபணுத் தொகுதி முழுமையாக வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டிற்கு இதில் இணை உண்டு என்பது தெரிந்தது. இன்று ஐதராபாத்திலுள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையம், தில்லியிலுள்ள மரபணுத் தொகுதியியல், ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனம் போன்ற நம் பொதுத்துறை ஆய்வகங்களிலும் இது வளர்க்கப்படுகிறது.

தீவனச் சோதனைக்கு இது ஏற்றதாக இருப்பதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, காலம். முட்டை பொரிய இரண்டு மூன்று நாள். ஏறத்தாழ ஐந்தாம் நாள் இரை தேடத் தொடங்குகிறது. சுமார் மூன்று மாதத்தில் தானே முட்டையிடும் பருவத்தை அடைகிறது. ஒரு தீவனம் வளர்ச்சியை மட்டுமன்றி இனப்பெருக்கத்தையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஓராண்டுக்குள் பல தலைமுறைகளில் காணலாம்.

இரண்டாவது, அளவு. அரைக் கிராம் எடையுள்ள முப்பது மீன்களுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 4 விழுக்காடு தீவனம் கொடுத்தாலும், அறுபது நாளுக்கு 36 கிராம் போதும். ரோகுவுக்கு 27 கிலோ. இதற்கு ஒரு கைப்பிடி.

மூன்றாவது, வெளிப்படைத்தன்மை. கருவும் இளங்குஞ்சும் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடல் கொண்டவை. நுண்ணோக்கியின் கீழ், மீனைக் கொல்லாமலே, குடல் அசைவதைக் காணலாம். அழற்சி ஏற்பட்ட இடத்திற்கு வெள்ளையணுக்கள் விரைவதைக் காணலாம்.

நான்காவது, உறவு. ஜீப்ரா மீனும் ரோகுவும் ஒரே கெண்டை வரிசையைச் சேர்ந்தவை. இரண்டுக்குமே இரைப்பை கிடையாது. இரை நேரடியாகக் குடலுக்குச் செல்கிறது. வயிற்று அமிலம் இல்லாத செரிமானம் எந்தப் புரதத்தை உடைக்கும், எதை விட்டுவிடும் என்பதில் இவ்விரண்டையும் ஒப்பிடுவதற்கு அடிப்படை இருக்கிறது.

சோயா கற்பித்த பாடம்

இவ்வகைச் சோதனையின் பயனை விளக்க ஓர் உண்மை நிகழ்வு போதும்.

மீன் தீவனத்தில் மீன்தூளுக்கு மாற்றாகச் சோயா புண்ணாக்கு பயன்படுத்தப்படுகிறது. ஆனால் சால்மன் மீன்களுக்கு இதை மிகுதியாகக் கொடுத்தால் குடலின் பின்பகுதியில் அழற்சி உண்டாகிறது என்பது 1990களிலேயே நார்வேயில் தெரிந்திருந்தது. குற்றவாளி சோயாவின் புரதமா, அதனுடன் சேர்ந்துவரும் வேறு பொருளா? பெரிய சால்மன் மீன்களை வைத்து இதைப் பிரித்தறிவது காலமும் பணமும் பிடிக்கும் வேலை. சால்மன் வளர்ப்பில் முன்னணியில் உள்ள சிலி நாட்டின் ஆய்வாளர்கள் ஜீப்ரா மீனின் இளங்குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்குச் சோயா புண்ணாக்கு, ஒரு பிரிவுக்குப் பிரித்தெடுத்த சோயா புரதம், மற்றொரு பிரிவுக்குச் சோயாவிலுள்ள சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் எனக் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே விடை கிடைத்தது. புண்ணாக்கும் சப்போனினும் குடலில் வெள்ளையணுக்களைக் குவித்தன; புரதம் மட்டும் அவ்வாறு செய்யவில்லை. 2013இல் இந்த முடிவு வெளியாயிற்று.

இதன் பொருள் என்ன? சோயாவை ஒதுக்க வேண்டியதில்லை. அதிலிருந்து நீக்க வேண்டியதை நீக்க வேண்டும். இத்தகைய தெளிவு ஆலைக்கும் பயன்படும், விவசாயிக்கும் பயன்படும், மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் சோயா விளைவிக்கும் உழவருக்கும் பயன்படும். 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது நினைவிருக்கலாம். கோழித் தீவனத்தின் விலையேற்றம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. உள்நாட்டுச் சோயா விவசாயிகள் தங்கள் விலை சரியும் என்று எதிர்த்தார்கள். தீவனப் பை ஒன்றுக்குள் எத்தனை வகை உழைப்பாளர்களின் வாழ்வு கலந்திருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

மீனைத் தின்று வளரும் மீன்

தீவனத்திற்கு மாற்று மூலப்பொருள் தேடுவதில் மற்றொரு பெரிய நியாயமும் இருக்கிறது. உலக உணவு, வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, 2020இல் உலகில் சுமார் 1.6 கோடி டன் மீன், மனிதர் உண்பதற்குச் செல்லாமல், மீன்தூளாகவும் மீன் எண்ணெயாகவும் அரைக்கப்பட்டது. 1994இல் இது 3 கோடி டன்னாக இருந்தது. குறைந்திருப்பது உண்மைதான் என்றாலும் சுமை இன்னும் பெரியது. நம் மேற்குக் கடற்கரையில் மத்தி போன்ற சிறுமீன்கள் மீன்தூள் ஆலைகளுக்குப் போகின்றன. மத்தி ஏழையின் மீன், மலிவான புரதம். ஆலை அதற்கு விலை கூறத் தொடங்கினால், வளராத குஞ்சையும் அள்ளிக்கொண்டுவரும் வலைக்கு ஊக்கம் கிடைக்கிறது. நாட்டுப் படகில் கடலுக்குப் போகும் மீனவர் அதன் விளைவைச் சுமக்கிறார்.

பூச்சிப் புழுத்தூள், பாசி, நுண்ணுயிரிப் புரதம், நொதிக்கவைத்த புண்ணாக்கு எனப் பல மாற்றுகள் முன்வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் நன்மையும் இருக்கலாம், கேடும் இருக்கலாம். கடலைப் புண்ணாக்கு ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு சேரும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிப்பால் என்னும் நச்சுப்பொருள் உண்டு. எதை எவ்வளவு கலக்கலாம் என்பதை விரைவாகச் சலித்தெடுக்க ஒரு சல்லடை தேவை. ஜீப்ரா மீன் அந்தச் சல்லடை.

சல்லடையின் எல்லைகள்

சல்லடையைத் துலாக்கோல் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த இடத்தில் விளம்பரத்திற்கும் அறிவியலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தோழர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஜீப்ரா மீனுக்கு இரைப்பை இல்லை. விராலுக்கும், ஆந்திரத்தில் பெருமளவில் வளர்க்கப்படும் பங்காசியஸ் கெளுத்திக்கும் இரைப்பை உண்டு. அவற்றின் செரிமானத்தைப் பற்றி இது தரும் விடை அரைகுறையானது. இறால் மீனே அல்ல. ஓடு கழற்றி வளரும் வேறு வகை உயிர். இறால் தீவனத்தின் தகுதியை ஜீப்ரா மீனைக் கொண்டு முடிவு செய்தால் அது பிழை.

ஜீப்ரா மீனின் வளர்ச்சி ஒரு கட்டத்தில் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. உணவுக்காக வளர்க்கும் பெரும்பாலான மீன்கள் தொடர்ந்து வளர்பவை. எடை கூடும் வேகத்தை இதிலிருந்து அதற்கு அப்படியே பெயர்த்து எழுத இயலாது.

தொட்டியில் வாழும் ஜீப்ரா மீனுக்குக் கொடுத்த தீவனமே உணவு. குளத்து மீனுக்கு மிதவை நுண்ணுயிர்களும் உணவு. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் மேய்கின்றன. கொல்லேரு ஏரியைச் சுற்றியுள்ள குளங்களில், எண்ணெய் நீக்கிய அரிசித் தவிட்டையும் புண்ணாக்கையும் துளையிட்ட பைகளில் நிரப்பிக் கம்புகளில் கட்டித் தொங்கவிடுவார்கள். மீன்கள் வந்து கொத்தித் தின்னும். அந்தக் குளத்தின் வெயிலும் சேறும் இரவில் குறையும் பிராணவாயுவும் எந்தக் கண்ணாடித் தொட்டியிலும் இல்லை.

மேலும், ஜீப்ரா மீனுக்கே எல்லா ஆய்வகங்களும் ஏற்றுக்கொண்ட பொதுவான அடிப்படை உணவு இன்னும் நிலைபெறவில்லை. ஓரிடத்தில் கிடைத்த முடிவு வேறிடத்தில் மாறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே படிகள் மூன்று. முதற்படியில் ஜீப்ரா மீன்: பல கலவைகளில் கேடானவற்றைக் கழித்துக்கட்டுவதற்கு. இரண்டாம் படியில் ரோகு அல்லது கட்லாவின் விரல் அளவுக் குஞ்சுகள்: எஞ்சிய சில கலவைகளை ஒப்பிடுவதற்கு. மூன்றாம் படியில் குளம்: விவசாயியின் உடன்பாட்டுடன், நட்டத்திற்கு ஈடு தரும் உறுதியுடன். முதற்படியில் தேறியதை வைத்துக்கொண்டு, ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது என்று பையில் அச்சிடும் நிறுவனம் இரண்டு படிகளைத் தாண்டிக் குதிக்கிறது. அந்த வாசகத்தைக் காணும்போது, எந்த மீனில், எத்தனை நாள், எந்த நீரில் என்ற மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

சிறுமீனும் வலி உணரும் முதுகெலும்புள்ள உயிர் என்பதை மறக்கலாகாது. விலங்குகள் மீதான ஆய்வுகளை விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960 நெறிப்படுத்துகிறது. தேவையற்ற சோதனையைத் தவிர்ப்பதும், ஒரே சோதனையைப் பல நிறுவனங்கள் இரகசியமாகத் திரும்பத் திரும்பச் செய்வதைத் தடுப்பதும் அறமும் சிக்கனமும் ஆகும். முடிவுகள் பொதுவில் வைக்கப்பட்டால் இரண்டும் நடக்கும்.

யாருடைய அறிவியல்?

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சவுத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்திப் பெருங்கெண்டைகளை வளர்ப்பிடத்திலேயே முட்டையிட வைத்தார். அதற்கு முன்பு கெண்டைக் குஞ்சுக்கு ஆற்று வெள்ளத்தையே நம்பியிருந்தார்கள். அந்த நுட்பம் பொதுத்துறை ஆய்வகத்தில் பிறந்து, மீன்வள ஊழியர்கள் வழியே பரவி, வங்காளத்துக் கிராமக் குஞ்சு பொரிப்பகங்கள் வரை சென்றது. நைஹாட்டிச் சந்தையிலிருந்து நாடெங்கும் மீன்குஞ்சு போவதற்கு அடித்தளம் அதுவே. அந்த நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. விழா எடுக்கும் அரசு அந்த நாளின் பொருளை நினைவில் கொள்ள வேண்டும்: அறிவு பொதுச்சொத்தாக இருந்ததால்தான் அது குளம்வரை எட்டியது.

தீவனத்தில் இன்று நிலைமை எதிர்த்திசையில் செல்கிறது. பெரிய நிறுவனங்கள் தமக்கென ஆய்வகம் வைத்துக்கொள்ள முடியும். அங்கே கிடைக்கும் முடிவுகள் வணிக இரகசியமாகும். நல்ல முடிவு விளம்பரமாகும். கெட்ட முடிவு அலமாரிக்குள் போகும். சிறு ஆலைக்கும் கூட்டுறவுக்கும் விவசாயிக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை. கருவி ஒன்றே, அதை வைத்துக் கேள்வி கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து விடையின் பயன் மாறுகிறது. மிகுதியாக விற்கும் தீவனம் எது என்று நிறுவனம் கேட்கும். உள்ளூரில் கிடைக்கும் தவிட்டையும் புண்ணாக்கையும் கொண்டு குறைந்த செலவில் நல்ல தீவனம் செய்வது எப்படி என்று கேட்கப் பொது நிறுவனத்தால்தான் முடியும்.

அந்த நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. புவனேசுவரம் அருகே கௌசல்யாகங்காவில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இருக்கிறது. மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. இறால் தீவனத்தை உள்நாட்டு நுட்பத்தில் உருவாக்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. நாடெங்கும் 700க்கும் மேற்பட்ட வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன. 2020இல் அறிவிக்கப்பட்ட பிரதமர் மீன்வளத் திட்டத்தின் மதிப்பு 20,050 கோடி ரூபாய். ஆந்திரத்தில் அதே ஆண்டு மீன் தீவனத் தரக் கட்டுப்பாட்டுக்கென்றே சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் நல்லதே. ஆனால் நைட்ரஜனை அளப்பதோடு நின்றுவிடும் தரக் கட்டுப்பாடு, தொடக்கத்தில் சொன்ன அந்த அரைக் கிலோவைப் பிடிக்காது.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

ஒன்று, மீன் வளர்ப்பு மிகுந்த மாநிலங்களில் பொதுத் தீவனச் சோதனை மையங்கள் அமைக்கப்பட வேண்டும். வேதியியல் பகுப்பாய்வுடன், ஜீப்ரா மீன், கெண்டைக் குஞ்சு ஆகிய இரு படிச் சோதனைகளும் அங்கே நடக்க வேண்டும்.

இரண்டு, விற்பனைக்கு வரும் தீவனங்களின் சோதனை முடிவுகள், நல்லதும் கெட்டதும், அந்தந்த மாநில மொழியில் வெளியிடப்பட வேண்டும். விவசாயிகளின் அமைப்பும் கூட்டுறவுச் சங்கமும் மாதிரி கொடுத்துச் சோதித்துக்கொள்ளும் உரிமை பெற வேண்டும்.

மூன்று, குளத்தில் நடத்தப்படும் சோதனைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தமும் நட்ட ஈடும் கட்டாயமாக்கப்பட வேண்டும். குத்தகை விவசாயிக்கும் இது பொருந்த வேண்டும்.

நான்கு, படகில் சென்று தீவனப் பையைக் கட்டும் தொழிலாளியின் அறிவு பதிவாக வேண்டும். எந்தப் பை தீண்டப்படாமல் திரும்புகிறது என்பதை முதலில் காண்பவர் அவரே. ஆய்வகத்தின் கேள்விகள் அவரிடமிருந்தும் தொடங்க வேண்டும்.

தோழர்கள் தங்கள் பகுதிக்குத் திரும்பியதும் ஒரு வேலையை உடனே செய்யலாம். பத்துக் குளங்களில், போட்ட தீவனம் எவ்வளவு, எடுத்த மீன் எவ்வளவு, தீவனத்தின் பெயரும் பையின் தொகுதி எண்ணும் என்ன என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பருவத்தின் கணக்குச் சேர்ந்தால், அதை எடுத்துக்கொண்டு மாவட்ட மீன்வள அலுவலகத்திற்குச் செல்லலாம். தீவனம் பற்றிய புகார் அப்போது வெறும் புலம்பலாக இருக்காது. விடை சொல்லியே ஆகவேண்டிய ஆவணமாக இருக்கும்.